நூறு வருஷம் தாங்கும்னா என்ன கணக்கு? பாம்பன் கம்பியும் 'பசுமை' சிமெண்ட்டும்

பாம்பன்ல புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறந்ததுல இருந்து ரெண்டு விதமான பேச்சு ஓடிட்டே இருக்கு. ஒரு பக்கம் "துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பெயிண்ட், இனிமே 100 வருஷத்துக்கு கவலையே இல்ல". இன்னொரு பக்கம் "வெள்ளக்காரன் 1914-ல கட்டினது 2022 வரைக்கும் ரயில் ஓட்டுச்சு, இப்ப கட்டுறதெல்லாம் நிக்குமா". இதுக்கு நடுவுல வீடு கட்டுறவங்களுக்கு தனியா ஒரு குழப்பம். கடைக்காரர் பிபிசி (போர்ட்லாண்ட் போசோலானா சிமெண்ட்) மூட்டைய காட்டி இது சாம்பல் கலந்த சிமெண்ட், சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்றார், மேஸ்திரியோ அதெல்லாம் ஸ்ட்ராங் வராது சார், ஓபிசி 53 (சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட்) வாங்குங்கன்னு சொல்றார், யார் பேச்ச கேக்குறது?

இது மூணும் அடியில ஒரே விஷயம்தான். ஒரு பொருள் எந்த இடத்துல, எத்தன வருஷம், எவ்வளவு நிச்சயமா உழைக்கும்னு தெரியாம அது பசுமையான பொருளா இல்லையான்னு சொல்லவே முடியாது. மூட்டை மேல பச்சை இலை படம் போட்டா மட்டும் அந்தக் கணக்கு முடிஞ்சிடாது.

1. கார்பன் கணக்கு: வருஷத்தால வகுக்கணும்

உலகத்துல மனுஷங்க வெளியிடுற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 7-8 சதவீதம் சிமெண்ட்ல இருந்து வருது. சுண்ணாம்புக்கல்ல சூளையில போட்டு 1450 டிகிரி வரைக்கும் சூடு ஏத்துனா கிளிங்கர் கிடைக்கும், அத அரைச்சாதான் சிமெண்ட். இங்க நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, அந்தப் புகையில பாதிக்கு மேல எரிபொருள்ல இருந்து வரல, கல்லுக்குள்ளயே இருந்த கார்பன் டை ஆக்சைடு சூட்டுல பிரிஞ்சு வெளிய வருது. அதனால சூளைய முழுக்க சோலார்ல ஓட்டினாலும் பாதி பிரச்சனை அப்படியேதான் இருக்கும்.

அப்ப வழி ரெண்டு. கிளிங்கர குறைச்சு வேற எதையாவது கலக்கணும், இல்லன்னா கட்டினத ரொம்ப நாள் வெச்சிருக்கணும். முதல் வழிக்கு விளம்பரம் வருது. ரெண்டாவது வழிக்கு யாரும் விளம்பரம் குடுக்க மாட்டாங்க, ஏன்னா அதுல விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல!

கணக்குக்காக ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கலாம். ஒரு கட்டடம் கட்ட 100 டன் கார்பன் ஆகுது, 30 வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு இடிக்க வேண்டி வருது, அப்ப வருஷத்துக்கு 3.3 டன். பக்கத்துல இன்னொண்ணு, கொஞ்சம் நல்ல கலவை, கொஞ்சம் கூடுதல் கனம், 110 டன் ஆகுது, ஆனா 75 வருஷம் நிக்குது, வருஷத்துக்கு 1.5 டன் கூட வரல. கட்டின அன்னிக்கு பார்த்தா முதல் கட்டடம்தான் பசுமை. 30 வருஷம் கழிச்சு பார்த்தா அதுக்கு இன்னொரு 100 டன் செலவு காத்திருக்கு.

ஆனா அந்த "75 வருஷம்" எங்க இருந்து வந்துச்சு? யாரோ சத்தியம் பண்ணி குடுத்ததா?

2. உறுதிங்கறது ஒத்த நம்பர் இல்ல

எம்30 கான்கிரீட்னு சொல்றாங்களே, 28 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கணும்னு அர்த்தம். ஆனா அதே ஆளு அதே மிக்சர்ல பத்து தடவை கலந்தாலும் சோதனைக்கு வார்க்குற பத்து கியூபும் (கனசதுரக் கட்டி) ஒரே மாதிரி உடையாது, ஒண்ணு 35-ல உடையும் இன்னொண்ணு 41 வரைக்கும் போகும். அதனால விதி என்ன சொல்லுதுன்னா 100-க்கு 5 மட்டும் 30-க்கு கீழ போகலாம், அதுக்கு மேல போகக்கூடாது. அத சாதிக்க சராசரிய 30-ல வெச்சா பத்தாது (பாதி ஃபெயில் ஆயிடும்), 30 கூட்டல் 1.65 பெருக்கல் 5, அதாவது 38.25-ஐ குறி வெச்சு கலக்கணும். அந்த 5-ங்கறது கலவை எவ்வளவு தடுமாறுதுங்கறதோட அளவு. வேலை சுத்தமா நடக்குற சைட்ல தடுமாற்றம் குறையும், குறி வைக்க வேண்டிய சராசரியும் குறையும், சிமெண்ட்டும் மிச்சம். ஒழுங்கா வேலை பாக்குறதே கார்பன் மிச்சம்ங்கறதுக்கு இத விட நேரடியான ஆதாரம் இல்ல.

இதே மாதிரி சுமையும் தடுமாறும். காத்து, ரயில் எடை, கூட்டம் எதுவும் ஒரே அளவு இல்ல. தாங்குற சக்தி ஒரு பரவல், வர்ற சுமை ஒரு பரவல், சக்தியோட கீழ்க்கோடியும் சுமையோட மேல்கோடியும் எங்க உரசிக்குதோ அங்கதான் விபத்து. அந்த உரசல் எவ்வளவு சின்னதுங்கறதைத்தான் நம்பகத்தன்மைன்னு சொல்றோம். ஐரோப்பிய விதிப்படி சாதாரண கட்டடத்துக்கு 50 வருஷத்துல லட்சத்துக்கு 7-ங்கற அளவுலதான் இடியுற வாய்ப்ப அனுமதிக்கிறாங்க. பூஜ்யம்னு எந்த நாட்டு விதியும் சொல்லல.

இப்ப அந்த 100 வருஷத்துக்கு வருவோம். நம்ம நாட்டு சாலைப் பாலங்களுக்கான ஐஆர்சி 112 விதியும் சாதாரண பாலத்துக்கு 100 வருஷம்தான் குறி வைக்குது, இது பாம்பனுக்கு மட்டும் உள்ள ஸ்பெஷல் இல்ல. துரு விஷயத்துல ஆயுள் கணக்கு போடுறப்ப உலக அளவுல வழக்கமா எடுத்துக்கிற எல்லை என்ன தெரியுமா? அந்தக் காலம் முடியுறப்ப கம்பியில துரு ஆரம்பிச்சிருக்க 10 சதவீத வாய்ப்பு இருக்கலாம்ங்கறது. இடியுறதுக்கு லட்சத்துல 7, துரு ஆரம்பிக்கிறதுக்கு 100-ல 10. ரெண்டும் வேற வேற எல்லை. அதனால "100 வருஷம்"னு கேட்டதும் 101-வது வருஷம் விழுந்துடும்னு பயப்படவும் வேணாம், 99 வருஷம் திரும்பியே பாக்க வேணாம்னு நிம்மதியா இருக்கவும் முடியாது.

3. கான்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பிக்கு என்ன ஆகுது

நல்ல கான்கிரீட்டுக்குள்ள இருக்குற ஈரம் கடும் காரம் (அமிலத்துக்கு நேர் எதிர்), காரத்த அளக்குற பிஎச் 12.5-ல இருந்து 13 வரைக்கும் இருக்கும். அந்தக் காரத்துல கம்பி மேல கண்ணுக்கு தெரியாத மெல்லிசான ஒரு ஆக்சைடு படலம் உண்டாகும், அது இருக்குற வரைக்கும் துரு கிடையாது. கம்பிய காப்பாத்துறது இந்தப் படலம், படலத்த காப்பாத்துறது காரம், காரத்த காப்பாத்துறது வெளிப்பக்கமா இருக்குற கான்கிரீட். இந்த சங்கிலிய உடைக்க ரெண்டு வில்லன் உண்டு.

முதல் ஆள் உப்பு. கடல் காத்துலயும் தண்ணியிலயும் இருக்குற குளோரைடு கான்கிரீட்டோட நுண்துளை வழியா மெதுவா உள்ள போய், கம்பிய தொட்டு, ஒரு அளவு தாண்டினதும் காரம் நல்லா இருந்தாலும் படலத்த அங்கங்க ஓட்டை போட்டுடும். ஓட்டை விழுந்த இடத்துல மட்டும் ஆழமா குழி குழியா அரிக்கும், வெளிய இருந்து பார்த்தா சில சமயம் ஒண்ணுமே தெரியாது.

ரெண்டாவது ஆள் காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு. அது உள்ள போய் காரத்த தின்னு பிஎச்ச 9-க்கு கீழ இறக்கிடும், அப்புறம் படலம் மொத்தமா போயிடும். இதுக்குத்தான் கார்பனேஷன்னு பேரு. ஈரமும் வேணும் காத்தும் வேணும்ங்கறதால நடுத்தர ஈரப்பதத்துலதான் இது வேகமா நடக்கும், தண்ணியில மூழ்கினதுல அநேகமா நடக்காது.

துரு ஆரம்பிச்சா என்ன? இரும்பு துருவானா அது அடைச்சுக்கிற இடம் ரெண்டுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் கூடும். அந்த வீக்கத்த தாங்க முடியாம கான்கிரீட் வெடிக்கும், வெடிப்பு வழியா இன்னும் தண்ணியும் காத்தும் போகும், அப்புறம் பொரை பொரையா பேர்ந்து விழும். கடலோர ஊர்ல பழைய பால்கனிக்கு அடியில கம்பி பல்லிளிச்சிட்டு நிக்கிறது இதனாலதான்.

இன்னொரு விஷயம் பலருக்கு தலைகீழா தோணும். கடலுக்கு அடியில முழுசா மூழ்கி இருக்குற பகுதிய விட அலை அடிச்சு நனைஞ்சு காயுற பகுதிதான் மோசம். அடியில உப்பு நிறைய, ஆனா ஆக்சிஜன் இல்ல. அலை படுற இடத்துல ரெண்டும் உண்டு, அதோட ஒவ்வொரு தடவை காயும்போதும் உப்பு உள்ளயே தங்கி சேர்ந்துக்கிட்டே போகும். கான்கிரீட்டுக்கான நம்ம நாட்டு ஐஎஸ் 456 விதியிலயே மூழ்கினதுக்கு 'கடுமை', உப்புச்சாரல் படுறதுக்கு 'மிகக் கடுமை', அலை ஏறி இறங்குற இடத்துக்கு 'உச்சகட்டம்'னு வரிசை வெச்சிருக்காங்க. பாம்பன் தூண்கள் நிக்கிறது இந்தக் கடைசி வகையிலதான், காத்தும் அங்க நாள் முழுக்க உப்போட வீசும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) விஞ்ஞானிகள் இரும்புத் தகடுகள வெயில்லயும் காத்துலயும் வெச்சு துரு ஆராய்ச்சி பண்ண மண்டபத்த தேர்ந்தெடுத்தது சும்மா இல்ல.

4. கவர் பிளாக்தான் உண்மையான பசுமைப் பொருள்

கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவுல இருக்குற கான்கிரீட் கனத்ததான் கவர்னு சொல்றோம். அந்த இடைவெளி குறையாம இருக்க கம்பிக்கு அடியில வைக்கிற சின்னக் கட்டைதான் கவர் பிளாக். ஐஎஸ் 456 படி கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர், சாரலுக்கு 50, அலை ஏறி இறங்குற இடத்துக்கு 75. கலவையும் எம்30-ல தொடங்கி கடைசி வகைக்கு எம்40 வரைக்கும், அந்தக் கடைசி வகையில தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.40-க்கு மேல போகக்கூடாது.

உப்போ கார்பனோ உள்ள போற ஆழம் நாளாக ஆக மந்தமாகும், தோராயமா காலத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்தபடி போகும். இத திருப்பிப் போட்டா கவர் கனத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி ஆயுள் வரும். கவர் பாதியானா ஆயுள் பாதி இல்ல, கால்வாசி!

45 மில்லிமீட்டருக்கு 50 வருஷம் கிடைக்கும்னு வெச்சுக்குவோம். கான்கிரீட் போடுற அன்னிக்கு கவர் பிளாக் பத்தல, கம்பி கட்டினவங்க ஜல்லிய அண்டக் குடுத்துட்டாங்க, மேல நடந்து நடந்து கம்பி அமுங்கி கடைசில 25 மில்லிமீட்டர்தான் நின்னுச்சுன்னா 25 பங்கு 45, அத வர்க்கம் பண்ணா 0.31, அதாவது 15 வருஷம். சிமெண்ட் அதேதான், கம்பி அதேதான், இன்ஜினியர் போட்ட டிராயிங்கும் அதேதான், 35 வருஷம் சில ரூபாய் பிளாக்கோட போச்சு. எந்தச் சாம்பலக் கலந்தாலும் இந்த நஷ்டத்த ஈடு கட்ட முடியாது. நுட்பமான பசுமைத் தொழில்நுட்பம் பத்தி நாள் முழுக்க பேசுறோம், சைட்ல போய் கவர் அளந்து பாக்குற ஆள் எத்தன பேர்?

தண்ணியும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்குற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல இருக்கக்கூடாது, மொத்த கான்கிரீட்டுல கன மீட்டருக்கு 0.6 கிலோ தாண்டக்கூடாது. ஒரு கன மீட்டருக்கு 160 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு வைங்க, கடலோர போர்வெல் தண்ணியில 3000 மில்லிகிராம் இருந்தா தண்ணி மட்டுமே 0.48 கிலோ உப்ப உள்ள கொண்டு வந்துடுது. எம்சாண்ட், ஜல்லி, அட்மிக்சர்ல (கலவையில சேக்குற ரசாயனம்) இருந்து வர்றது தனி. வெளிய இருந்து உப்பு வர வேண்டிய அவசியமே இல்ல, கட்டும்போதே உள்ள குடி வெச்சாச்சு.

5. சாம்பல் சிமெண்ட்: கடைக்காரரும் சரி, மேஸ்திரியும் பாதி சரி

பிபிசின்னா அனல்மின் நிலையத்துல கிடைக்கிற நிலக்கரிச் சாம்பல் 15-ல இருந்து 35 சதவீதம் கலந்தது. பிஎஸ்சின்னா இரும்பாலை கசடு 25-ல இருந்து 70 சதவீதம். எவ்வளவு கலக்குறாங்களோ அவ்வளவு கிளிங்கர் மிச்சம், அவ்வளவு புகை மிச்சம், அது நிஜம்தான்.

சாம்பல் தனியா சிமெண்ட் மாதிரி இறுகாது. கிளிங்கர் தண்ணியோட சேரும்போது உண்டாகுற சுண்ணாம்ப எடுத்துக்கிட்டு அப்புறம்தான் மெதுவா வேலை செய்யும். இதுல இருந்து மூணு விளைவு வருது.

முதல்ல, ஆரம்ப உறுதி மெதுவா ஏறும். 28 நாள்ல ஓபிசி 53-க்கு 53 நியூட்டன் வேணும், பிபிசிக்கு விதிப்படி 33 இருந்தா போதும் (நல்ல கம்பெனி மூட்டையில அத விட நிறையவே வரும்). மேஸ்திரி சொல்ற பாதி இதுதான். சென்ட்ரிங்க அவசரமா பிரிக்கிறவங்களுக்கு பிபிசி ஒத்து வராது.

ரெண்டாவது, அந்த மெதுவான வேலையால நுண்துளைகள் அடைபட்டு உப்பு உள்ள போற வேகம் நல்லா குறையும். கசடு சிமெண்ட்லயும் அப்படியே. அதனால கடலோரத்துல சாம்பலோ கசடோ கலந்தது கார்பன்லயும் ஜெயிக்குது, ஆயுள்லயும் ஜெயிக்குது. கடலோர வீட்டுக்கு "ஸ்ட்ராங்கா இருக்கணும்"னு ஓபிசி 53 கேக்குறவங்க உண்மையில உப்புக்கு கதவ திறந்து விடுறாங்க.

மூணாவது, சாம்பல் சுண்ணாம்ப தின்னுடுறதால காரத்தோட கையிருப்பு குறையும், அதனால கார்பன் டை ஆக்சைடு உள்ள வர்றது வேகமாகும். கோயம்புத்தூர், திருச்சி மாதிரி கடல் இல்லாத ஊர்ல எதிரி உப்பு இல்ல, கார்பனேஷன்தான். அங்க பிபிசி போட்டா கவரும் கியூரிங்கும் (கான்கிரீட்ட தண்ணியில நனைச்சு வைக்கிறது) சுத்தமா இருந்தே ஆகணும்.

கியூரிங்னு சொன்னதும்தான் பிரச்சனையோட மையம் வருது. ஓபிசிக்கு குறைஞ்சது 7 நாள் தண்ணி, கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள், வெயிலும் வறட்சியும் உள்ள இடத்துல 10-ம் 14-ம். நம்ம ஊர் வெயில்ல 14 நாள்தான் பொருந்தும். நடைமுறையில ஒரு வாரம் காலைல சாயங்காலம் ஓஸ் பிடிச்சு காட்டினா பெரிய விஷயம். ஓபிசிக்கு பழகின கியூரிங்க பிபிசிக்கு பண்ணிட்டு சிமெண்ட் சரியில்லன்னு சொல்றதுதான் நடக்குது.

இப்ப எல்சி3-ன்னு ஒரு புது சிமெண்ட் வருது, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்தது, ஐஐடி மெட்ராஸ் உள்பட சில நிறுவனங்கள் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி 2023-ல ஐஎஸ் 18189-ங்கற தரநிலையும் வந்துடுச்சு. உப்ப தடுக்குறதுல பிரமாதம், கார்பனேஷன்ல அதே பலவீனம். பேரு புதுசு, கேள்வி பழசு: எந்த ஊர்ல, எந்த மூலையில நிக்கப் போகுது?

6. நல்ல பொருள், தப்பான இடம்

இந்த விஷயத்துல உலகம் நிறைய பணம் கட்டி பாடம் படிச்சிருக்கு.

வெதரிங் ஸ்டீல்னு ஒண்ணு உண்டு. மேல ஒரு கெட்டியான துருப்படலம் உண்டாகி அதுவே கீழ இருக்குற இரும்ப காப்பாத்தும், பெயிண்ட்டே வேணாம். காய்தத்துல பார்த்தா பசுமைக்கு பசுமை, செலவுக்கு செலவு மிச்சம். 1975-ல ஹவாய்ல ஹோனலூலுவுல திறந்த அலோஹா ஸ்டேடியத்துக்கு அதப் போட்டாங்க. உப்புக்காத்துல அந்தப் படலம் கெட்டியாகவே இல்ல, துரு போய்க்கிட்டே இருந்துச்சு, கடைசில பெயிண்ட்டும் அடிச்சு ரிப்பேருக்கும் கொட்டிக் குடுத்தாங்க.

ஃப்ளோரிடா கீஸ் தீவுப் பாலங்கள்ல 1980-கள் தொடக்கத்துல எபாக்சி பூசின கம்பி போட்டாங்க. பூச்சு இருந்தா உப்பு தொடாதுன்னு கணக்கு. ஆனா கம்பிய வளைக்கும்போதும் ஏத்தி இறக்கும்போதும் பூச்சுல கீறல் விழும், அலை படுற இடத்துல அந்தக் கீறல் வழியா உப்பு போய் பூச்சுக்கு அடியிலயே துரு பரவி, பத்து வருஷம்கூட ஆகுறதுக்குள்ள லாங் கீ பாலத்து தூண்கள்ல துரு வெளிய வந்துடுச்சு.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. மெக்சிகோவுல யுகட்டான் கரையில ப்ரோக்ரெசோ துறைமுகப் பாலம், 1937-ல இருந்து 1941 வரைக்கும் கட்டினது, ஸ்டெயின்லெஸ் கம்பி 200 டன்னுக்கு மேல. பெரிய ரிப்பேர் எதுவும் இல்லாம பல பத்தாண்டு ஓடினதுக்கு அப்புறம் 1990-கள் கடைசில சோதிச்சப்ப கம்பி பக்கத்துல உப்பு எல்லை தாண்டி இருந்துச்சு, ஆனா கம்பிக்கு பெருசா ஒண்ணும் ஆகல. பக்கத்துலயே 1960-கள்ல சாதா கம்பி போட்டு கட்டின இன்னொரு பாலம் இடிஞ்சு அடித்தூண் மிச்சங்கள் மட்டும்தான் நிக்குது. ஒரே கடல், ஒரே காத்து.

அப்ப எல்லா இடத்துலயும் ஸ்டெயின்லெஸ் போட்டுடலாமேன்னா, விலை பல மடங்கு, டன்னுக்கு ஆகுற கார்பனும் கூட. அதனால உப்பு கடுமையா தாக்குற பகுதிக்கு மட்டும் போடுறதுதான் கணக்கு. பாம்பன்ல அது நியாயம். மதுரையில மூணு மாடி வீட்டுக்கு அதே கம்பி போட்டா வீண்.

7. பொருள மிச்சம் பிடிக்கிறதுல ஒளிஞ்சிருக்குற ஆபத்து

குறைஞ்ச பொருள்ல அதே வேலைய செய்யுங்கறது இப்ப பசுமை வடிவமைப்போட மந்திரம். வலுவான இரும்பு, மெல்லிசான தகடு, கம்மி எடை. இதுல ஒரு கண்ணி இருக்கு.

அமெரிக்காவுல ஒஹையோ ஆத்து மேல 1928-ல சில்வர் பாலம்னு ஒரு தொங்கு பாலம் கட்டினாங்க. அப்ப புதுசா வந்த அதிவலு இரும்பு கிடைச்சதால சங்கிலியில ஒவ்வொரு கண்ணிக்கும் வழக்கமா போடுற நாலஞ்சு பட்டைக்கு பதிலா ரெண்டே பட்டை போதும்னு வடிவமைச்சாங்க. 1967 டிசம்பர் 15 சாயங்காலம் அதுல ஒரு பட்டை, துளைப் பக்கமா இருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல்ல இருந்து அறுந்துச்சு. நாலு பட்டை இருந்திருந்தா மத்த மூணும் பிடிச்சிருக்கும். ரெண்டுல ஒண்ணு போனதும் மொத்தப் பாலமும் ஒரு நிமிஷத்துக்குள்ள ஆத்துல, 46 பேர் செத்தாங்க. கணக்குப்படி இரும்பு வலுவாத்தான் இருந்துச்சு, ஒண்ணு போனா தாங்க மாத்து ஆள் இல்ல, அவ்வளவுதான்.

பாம்பன் புதுப் பாலத்துல இணைப்பெல்லாம் முழுக்க வெல்டிங்னு செய்தியில வந்துச்சே, அத இந்த இடத்துல வெச்சு பார்க்கணும். ரிவெட் அடிச்ச பழைய முறையில தகடுக்கு தகடு இடுக்கு உண்டு, அதுல உப்புத்தண்ணி தங்கும், துருவுக்கு கொண்டாட்டம். முழுக்க வெல்டிங் பண்ணா இடுக்கு இல்ல, பெயிண்ட்டும் ஒழுங்கா பிடிக்கும். ஆனா ரிவெட் போட்டதுல ஒரு தகடுல வர்ற விரிசல் அந்தத் தகடோட நின்னுடும், வெல்டிங்ல பாதை தொடர்ச்சியா இருக்கறதால ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போயிடலாம். அதனால வெல்டிங்னா ஒவ்வொரு இணைப்பையும் அல்ட்ராசானிக்ல சோதிக்கிறதும், சுமை ஏறி இறங்குறதால வர்ற களைப்ப கணக்குல எடுக்குறதும் அதோட கூடவே வர்ற கடமை. 2024 நவம்பர்ல ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதனை பண்ணிட்டு வடிவமைப்பு நடைமுறையிலயும் துரு விஷயத்துலயும் கேள்வி எழுப்பினதும், கப்பல் போக மேல தூக்குற 72.5 மீட்டர் தூக்குப் பகுதிக்கு மட்டும் மணிக்கு 50 கிலோமீட்டர், மத்த இடத்துக்கு 75-னு வேகத்த பிரிச்சு அனுமதி குடுத்ததும் "பாலம் வீக்"ங்கறதுக்கு ஆதாரமில்ல. இந்த மாதிரி கேள்வி கேக்கத்தான் அந்தப் பதவியே இருக்கு. கேக்காம விட்டிருந்தாத்தான் கவலைப்படணும்.

8. பழைய பாலம் ஏன் 108 வருஷம் நின்னுச்சு

வெள்ளக்காரன் இரும்பு ஸ்பெஷல்னு சொல்றத கொஞ்சம் ஓரமா வைப்போம். 1964 டிசம்பர் புயல்ல அந்தப் பாலத்தோட பெரும்பகுதி கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) கடலுக்குள்ள போயிடுச்சு, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல மறுபடி நிமித்தினாங்க. 2007-ல அகலப்பாதைக்கு மாத்தும்போது வலுப்படுத்தினாங்க. நடுவுல எல்லா வருஷமும் சுரண்டுறது, பெயிண்ட் அடிக்கிறது, அரிச்ச பாகத்த மாத்துறதுன்னு ஆளுங்க அந்தக் காத்துலயே நின்னு வேலை பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்படியும் 2022 டிசம்பர்ல தூக்குப் பகுதியோட துரு நிலைமைய பார்த்து ரயில நிறுத்த வேண்டியதாச்சு. 108 வருஷம்ங்கறது இரும்போட ஆயுள் இல்ல, பராமரிப்போட ஆயுள்.

டி சிட்டர்ங்கற பொறியாளர் 1980-கள்ல சொன்ன ஒரு தோராயக் கணக்கு உண்டு. வடிவமைப்புலயும் கட்டும்போதும் 1 ரூபாயில முடியுற விஷயத்த விட்டுட்டா, துரு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தடுக்க 5 ரூபாய், அங்கங்க துரு வந்தப்புறம் 25, மொத்தமா பரவினப்புறம் 125. துல்லியமான சூத்திரம் இல்ல, ஆனா திசை சரி. கார்பனும் கிட்டத்தட்ட இதே வழியிலதான் ஏறும்.

இத்தாலியில ஜெனோவா நகரத்துல 2018 ஆகஸ்ட் 14-ல 43 பேர் செத்த மொராண்டி பாலத்துல, தாங்கு கம்பிகள கான்கிரீட்டுக்குள்ள வெச்சு மூடியிருந்தாங்க, பாதுகாப்பா இருக்கும்னு நினைச்சு. மூடினது பாதுகாப்பு குடுத்துச்சோ இல்லையோ, உள்ள பாக்க முடியாம பண்ணிடுச்சு. வடிவமைச்ச மொராண்டியே 1979-ல கடல் காத்தால வர்ற அரிப்பு பத்தி எச்சரிச்சிருந்தார். 1990-கள்ல ஒரு கோபுரத்தோட கம்பிகள மட்டும் வலுப்படுத்தினாங்க, விழுந்தது வேற கோபுரம்.

பராமரிச்சாலும் சிலது கண்ணுல படாதுங்கறதையும் சொல்லணும். ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்துல 1971-ல திறந்த கரோலா பாலத்தோட ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 விடியக்காலைல விழுந்துச்சு, நல்லவேளை மேல யாரும் இல்ல. உள்ள இருந்த இழுவிசைக் கம்பிகள் (கான்கிரீட்ட இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டினது) கட்டின காலத்துலயே ஈரம் பட்டு, ஹைட்ரஜனால நுண்விரிசல் விழுந்து, பல வருஷமா ஒண்ணொண்ணா அறுந்துக்கிட்டே இருந்திருக்கு. அதனாலதான் ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கிற வடிவமைப்பு வேணும்னு மேல சொன்னது.

9. யாராவது "பசுமை, நூறு வருஷம்"னு சொன்னா கேக்க வேண்டியது

1) எந்தச் சூழலுக்கு போட்ட கணக்கு? உப்பா, கார்பனேஷனா, ரெண்டுமா? சூழல் சொல்லாத ஆயுள் நம்பர அப்படியே ஏத்துக்க முடியாது.

2) ஆயுள்னா எது வரைக்கும்? துரு ஆரம்பிக்கிற வரையா, வெடிப்பு வர்ற வரையா, இடிக்கிற வரையா? கூடவே எத்தன சதவீத வாய்ப்போட?

3) கவர் எவ்வளவுன்னு டிராயிங்ல இருக்கறதோட, கான்கிரீட் போட்டப்புறம் கவர் மீட்டர் வெச்சு அளந்தாங்களா?

4) எத்தன நாள் கியூரிங், எந்தத் தண்ணி? தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா? (அதிகம் செலவாகாத டெஸ்ட், அநேகமா யாரும் எடுக்குறதில்ல.)

5) எப்படி கண்காணிக்கப் போறாங்க? பழைய கட்டடத்துல ஒரு துண்டு உடைச்சு ஃபினால்ஃப்தலீன் தெளிச்சா காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பா மாறும், நிறம் மாறாத ஆழம்தான் கார்பனேஷன் வந்த ஆழம். துருவுக்கு கம்பியோட மின்னழுத்தத்த செம்பு-செம்பு சல்பேட் மின்வாய் வெச்சு அளப்பாங்க, மைனஸ் 350 மில்லிவோல்ட்ட தாண்டி கீழ போனா துரு ஓடிட்டு இருக்க 90 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு. இது வெளிய வெடிப்பு தெரியுறதுக்கு முன்னாடியே சொல்லிடும், அதாவது டி சிட்டர் கணக்குல 125-க்கு போகாம 25-லயே பிடிக்கிற வழி.

6) அந்த அளவெல்லாம் யார் எடுப்பாங்க, எத்தன வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு பட்ஜெட் இப்பவே ஒதுக்கியிருக்கா? பாம்பன் பாலத்துக்கும் இந்தக் கேள்விதான். பெயிண்ட் பேர விட, அடுத்த முப்பது நாப்பது வருஷம் அந்த மின்னழுத்த அளவுகளும் வெல்டிங் சோதனை ரிப்போர்ட்டும் விடாம எடுக்கப்பட்டு பொதுவுல பாக்குற மாதிரி வருதாங்கறதுதான் அந்த நூறுக்கு எவ்வளவு மதிப்புன்னு முடிவு பண்ணும்.